லாக்டவுன்ல பண்டிகை: ஆளுக்கொரு வீட்டுல இருந்தாலும் குடும்பமா கொண்டாடுறது எப்படி (செய்முறை)

மார்ச் 11, 2020ல உலக சுகாதார நிறுவனம் கொரோனாவ பெருந்தொற்றுனு அறிவிச்சப்போ அடுத்த பண்டிகைக்குள்ள எல்லாம் சரியாயிடும்னு தான் எங்க வீட்டுல பேசிக்கிட்டோம். சரியாகல. முதல் பண்டிகைக்கு வீடியோ கால்ல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சேன், 11 பேர் ஒரே நேரத்துல பேசுனாங்க, கீச்சுனு ஒரு சத்தம் காதக் கிழிச்சுது, பாட்டி பத்து நிமிஷம் ஸ்கிரீனையே பாத்துட்டு ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ஒவ்வொரு தப்பா எடுத்து சரி பண்ணி அடுத்த பண்டிகைக்கு நடத்துனப்போ பாட்டி முழுசா இருந்தாங்க, பாடவும் செஞ்சாங்க. அத எப்படி பண்ணுனேன்னு தான் இங்க எழுதுறேன். ஆப் டவுன்லோட் பண்றது, அக்கவுண்ட் தொறக்குறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடுறேன்.

1. எந்த ஆப்?

கொஞ்சம் பேர் தான்னா வாட்ஸ்அப் போதும். முன்னாடி 4 பேர் தான் முடியும், 2020 ஏப்ரல் கடைசில 8 ஆக்கிட்டாங்க, அப்புறம் இன்னும் கூட்டிட்டாங்க. பெரியவங்களுக்கு ஏற்கனவே பழகுன ஆப், மணி அடிச்சா எடுக்கப் போறாங்க, அவ்ளோ தான். புதுசா ஒண்ணு கத்துக்கொடுக்குற பாடு கிடையாது.

அதுக்கு மேல ஆள் இருந்தா என் ஓட்டு ஜூமுக்கு. கூகுள் மீட்டும் 2020 மே மாசத்துல இருந்து எல்லாருக்கும் இலவசம் தான், ஆனா அப்போ உள்ள வர்றவங்களும் கூகுள் அக்கவுண்ட்ல லாகின் பண்ணியிருக்கணும்னு இருந்துச்சு, பாஸ்வேர்ட் மறந்துபோன மாமா ஒருத்தர் எல்லா வீட்டுலயும் இருப்பாங்க இல்லையா, அங்க தான் அது இடிச்சுது. ஜூம்ல லிங்க்க தொட்டா வந்துடலாம். அதோட பாட்டுக்கு தேவையான ஒரு செட்டிங் இதுல இருக்கு, கீழ சொல்றேன்.

ஜூம் இலவசக் கணக்குல 40 நிமிஷத்துல கட் ஆயிடும். நான் இத ஒரு குறையா பாக்கல. வயசானவங்களால அதுக்கு மேல ஸ்கிரீன உத்துப் பாத்துட்டு உக்கார முடியாது, நான் 35 நிமிஷத்துக்கு தான் திட்டம் போடுறேன்.

ஏப்ரல் 2020ல பாஸ்கோடும் வெயிட்டிங் ரூமும் தானாவே ஆன்ல இருக்குற மாதிரி ஆக்கிட்டாங்க. லிங்க்குள்ளயே பாஸ்கோட் சேந்து வந்துடும், அதனால லிங்க்க மட்டும் அனுப்புங்க, நம்பர் எல்லாம் தனியா அனுப்பி குழப்ப வேண்டாம். வெயிட்டிங் ரூம்ல நிக்கிறவங்கள உள்ள விடுற வேலைய அடுப்படில நிக்கிற ஆளுக்கு குடுக்காதீங்க. எங்க சித்தி 12 நிமிஷம் வெளிலயே நின்னுருக்காங்க, நமக்கு தெரியவே இல்ல.

2. நேரம் குறிக்கிறது

வெளிநாட்டுல சொந்தக்காரங்க இருந்தா அவங்கவங்க ஊர் நேரத்துலயே எழுதி தனித்தனியா அனுப்பிடுங்க. அக்டோபர், நவம்பர்ல பண்டிகைனா கூடுதல் கவனம் வேணும், ஐரோப்பாவுல அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமையும் அமெரிக்காவுல நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமையும் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க. போன மாசம் பேசுன அதே நேரம்னு நம்பி உக்காந்தா ஒரு மணி நேரம் பிசகிடும்.

3. முந்தின நாள் ஒத்திகை, பெரியவங்களோட மட்டும்

இத மட்டும் தயவு செஞ்சு விடாதீங்க. பாட்டியோட நீங்க ஒருத்தர் மட்டும், சாதாரண போன்ல பேசிக்கிட்டே வீடியோ கால்ல சேர வையுங்க. ரெண்டும் ஒரே போன்னா பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது இன்னொரு போன்ல பிடிங்க, வாசல்ல நின்னு சொல்லிக் குடுத்தாலே போதும்.

ஜூம்ல உள்ள வந்ததும் இன்டர்நெட் வழியா ஆடியோல சேரணுமானு கேட்டு ஒரு பெட்டி வரும். அத தொடலைன்னா படம் வரும், அவங்களுக்கு நாம பேசுறதும் கேக்காது, நமக்கு அவங்க பேசுறதும் கேக்காது. முதல் தடவை பாட்டி எந்திரிச்சுப் போனதுக்கு முக்கால்வாசி காரணம் இது தான்னு ரெண்டு வாரம் கழிச்சு தான் எனக்கு புரிஞ்சுது. அவங்க பத்து நிமிஷமும் ஊமைப் படம் பாத்துட்டு இருந்துருக்காங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க, வாயசைக்கிறாங்க, ஏன்னு அவங்களுக்கு தெரியல, கேக்கவும் கூச்சம். ஆப் செட்டிங்ஸ்ல மீட்டிங் பக்கத்துல ஆடியோ தானா சேர்ற மாதிரி வைக்க ஒரு ஆப்ஷன் இருக்கு, ஒத்திகை அன்னைக்கே அத ஆன் பண்ணி விட்டுட்டா அந்தப் பெட்டி தொந்தரவு இல்ல.

அப்புறம் போன கையில பிடிக்க விடாதீங்க. அஞ்சு நிமிஷத்துல கை வலிச்சு நெத்தி மட்டும் தெரியும், இல்லைன்னா பழக்கதோஷத்துல காதுல வச்சுக்குவாங்க. ஒரு டப்பாவுல அரைவாசி அரிசி போட்டு அதுல போன படுக்கை வாட்டுல சாய்ச்சு நிறுத்துனா நகராம நிக்கும், கேமரா கண்ணு மட்டத்துக்கு வர்ற மாதிரி கீழ ரெண்டு புக். ஜன்னல் அவங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கக் கூடாது, முகம் இருட்டாயிடும். சார்ஜர் சொருகியே இருக்கட்டும். ஸ்டாண்ட் வாங்கலாம், நானும் ஒண்ணு வாங்குனேன், அந்த அரிசி டப்பா தான் இன்னைக்கும் பாட்டிகிட்ட இருக்கு.

4. ஒரே வீட்டுல ரெண்டு போன்: அந்த கீச்சு சத்தம்

எங்க அண்ணனுக்கு பாசிட்டிவ் வந்து மாடி ரூம்ல தனியா இருந்தான். தட்ட ஸ்டூல்ல வச்சிட்டு கதவத் தட்டிட்டு நாங்க கீழ எறங்குன அப்புறம் தான் அவன் கதவத் தொறப்பான். காத்தோட்டமான தனி ரூம், தனி தட்டு டம்ளர், பக்கத்துல போகணும்னா ரெண்டு பேருக்கும் மாஸ்க், குறைஞ்சது 1 மீட்டர் தள்ளி, இதெல்லாம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது தான். பண்டிகை நாள்ல அவன் மட்டும் தனியா சாப்பிடக் கூடாதுன்னு அவனையும் கால்ல சேத்தோம். அங்க தான் பிரச்சன ஆரம்பிச்சுது.

நம்ம ஸ்பீக்கர்ல வர்ற சத்தத்த பக்கத்துல இருக்குற இன்னொரு போனோட மைக் எடுத்து திரும்ப அனுப்பும், அது திரும்ப இந்த ஸ்பீக்கர்ல வரும், இப்படியே சுத்திச் சுத்தி பெருசாகி கீச்சுனு ஊளையிடும். ஒரு போன்ல இருக்குற எக்கோ தடுக்குற வசதிக்கு அதோட சொந்த ஸ்பீக்கர் சத்தம் மட்டும் தான் தெரியும், அடுத்த போனோடது தெரியாது. மைக்க மியூட் பண்ணுனா போதும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு போன்ல மைக்க மட்டும் அணைச்சா அதோட ஸ்பீக்கர் பேசிக்கிட்டு தான் இருக்கும், அந்த சத்தம் அடுத்த போனோட மைக்ல ஏறி, பேசுறவங்களுக்கே அவங்க குரல் அரை நொடி கழிச்சு திரும்பக் கேக்கும். தன் குரலே திரும்ப வந்தா யாராலயும் தொடர்ந்து பேச முடியாது, திக்கும்.

செய்ய வேண்டியது: ஒரு ரூம்ல ஒரே ஒரு போனுக்கு தான் மைக்கும் ஸ்பீக்கரும். அதே ரூம்ல இருக்குற மத்த போன், லேப்டாப் எல்லாத்துலயும் ஆடியோவ விட்டே வெளிய வந்துடணும், ஜூம் போன் ஆப்ல More-ங்கிற பட்டன தொட்டா ஆடியோவ துண்டிக்கிற ஆப்ஷன் இருக்கும், கம்ப்யூட்டர்ல மைக் பட்டன் பக்கத்துல இருக்குற சின்ன அம்புக்குறில இருக்கும். அடுத்த ரூம்ல தனியா இருக்குறவங்களுக்கு இயர்போன் கட்டாயம், கதவு சாத்தியிருந்தாலும் சரி. எங்க வீட்டுல கதவுக்கு அடில இருக்குற சந்து வழியா தான் சத்தம் வந்துட்டு இருந்துச்சு. ப்ளூடூத்த விட வயர் வச்ச சாதா இயர்போன் தான் நல்லது, பாதில சார்ஜ் தீராது.

5. சேந்து பாடுறது

எங்க வீட்டுல பண்டிகைன்னா பாட்டு உண்டு. முதல் தடவை எல்லாரும் சேந்து ஆரம்பிச்சோம், ரெண்டாவது வரிலயே ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் பின்னாடி, சந்தக்கடை மாதிரி ஆயிடுச்சு, நிறுத்திட்டோம். நெட் ஸ்லோனு நெனச்சு நெட் கம்பெனிய திட்டிட்டு இருந்தேன். காரணம் அது இல்ல, எவ்ளோ வேகமான நெட் போட்டாலும் வீடியோ கால்ல சேந்து பாட முடியாது.

சத்தம் காத்துல ஒரு நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். அப்போ நூறு மில்லி செகண்ட், அதாவது நொடில பத்துல ஒரு பங்கு தாமதம்னா 34 மீட்டர் தள்ளி நிக்கிற ஆளோட சேந்து பாடுற மாதிரி. வீடியோ கால்ல குரல சுருக்கி, அனுப்பி, விரிச்சு, நடுவுல கொஞ்சம் சேத்து வச்சு குடுக்குறதுக்கே சாதாரணமா அதுக்கு மேல ஆகும். பேசும்போது இது தெரியாது, தாளம்னு வந்தா உடனே தெரிஞ்சுடும். அவங்களுக்காக நாம நின்னா அவங்க நமக்காக நிப்பாங்க, பாட்டு இழுத்துக்கிட்டே போயிடும்.

வழி இருக்கு, ரொம்ப எளிசு. ஒருத்தர் மட்டும் மைக்க ஆன்ல வச்சு பாடணும், மத்த எல்லாரும் மியூட்ல இருந்து கூடவே பாடணும், வாய் தெறந்து, சத்தமாவே. ஒவ்வொரு வீட்டுலயும் பாட்டியோட சேந்து பாடுற மாதிரியே இருக்கும், யாரோட தாமதமும் யாருக்கும் கேக்காது. பாட்டிக்கு மட்டும் யார் குரலும் கேக்காது, அதனால அவங்க பக்கத்துல நேர்ல ஒருத்தர் கூட சேந்து பாடுனா நல்லது. எங்க வீட்டுல அத்தை இருந்தாங்க.

இப்போ அந்த செட்டிங். ஜூம் பின்னணி இரைச்சல தானா அணைக்கும், மிக்ஸி சத்தத்துக்கு அது நல்லது, ஆனா நீட்டிப் பாடுற குரலையும் வாத்தியத்தையும் கூட இரைச்சல்னு நெனச்சு வெட்டிடும், பாட்டு விட்டு விட்டு கேக்கும். பாடுறவங்க போன்ல மட்டும் ஒரிஜினல் சவுண்ட்னு இருக்குறத ஆன் பண்ணுங்க, கம்ப்யூட்டர்ல ஆடியோ செட்டிங்ஸ்ல அத தேர்ந்தெடுத்துட்டா மீட்டிங்ல மேல மூலைல பட்டன் வரும். பாடி முடிச்சதும் அணைச்சுடுங்க, இல்லைன்னா ஃபேன் சத்தமும் சேந்து வரும்.

6. அந்த 35 நிமிஷம்

சின்னப் பசங்க முதல்ல, அவங்களுக்கு பத்து நிமிஷத்துக்கு மேல பொறுமை இருக்காது. அப்புறம் பாட்டு. அதுக்கப்புறம் ஆளுக்கு ரெண்டு நிமிஷம், ஒருத்தர் பேர் சொல்லி கூப்பிட்டா அவர் மட்டும் பேசணும். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா எல்லாரும் நல்லா இருக்கேன்னு தான் சொல்லப் போறாங்க. பாட்டிகிட்ட நான் கேட்டது, உங்க சின்ன வயசுல இந்தப் பண்டிகைக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டுல யார் யார் முழிச்சிருப்பாங்கன்னு. நாலு நிமிஷம் பேசுனாங்க, எங்கப்பாவுக்கே தெரியாத ஒரு பெரியம்மா அதுல வந்தாங்க. கடைசில தட்ட எடுத்துட்டு வந்து எல்லாரும் ஒரே நேரத்துல சாப்பிட உக்காருறது, அப்போ பேசணும்னு கட்டாயம் இல்ல.

அப்டேட்: கமெண்ட்ல நெறைய பேர் கேட்டது, பையன் வரைஞ்ச வாழ்த்து அட்டைல எழுத்து திரும்பித் தெரியுதேன்னு. உங்க ஸ்கிரீன்ல மட்டும் தான் கண்ணாடி மாதிரி தெரியும், மத்தவங்களுக்கு நேரா தான் தெரியும், திருப்பி எழுத வைக்காதீங்க.

இன்னொரு அப்டேட்: மொபைல் டேட்டால இருக்குறவங்களுக்கு எவ்ளோ ஆகும்னு ஒருத்தர் கேட்டாங்க. நொடிக்கு 1 மெகாபிட் ஓடுதுன்னு வச்சா ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. டேட்டா கம்மினா அவங்க வீடியோவ அணைச்சுட்டு குரல்ல மட்டும் இருக்கட்டும். 2020 கடைசில சில விடுமுறை நாள்களுக்கு மட்டும் ஜூம் அந்த 40 நிமிஷக் கணக்க எடுத்து விட்டாங்க, அப்பவும் நாங்க 35ல தான் முடிச்சோம்.

இன்னும் ஒண்ணு: இந்த வருஷம் வீட்டுல ஒருத்தர இழந்துட்டோம், நடத்தலாமான்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. பெரிய கால் வேண்டாம்மா. அவரப் பத்தி உங்க கூட பேசக்கூடிய ரெண்டு பேர மட்டும் கூப்பிடுங்க, வீடியோ கூட தேவையில்ல, வெறும் போன் போதும்.

7. வீடியோ கால முடிக்கிறது

நடத்துறவங்க, எல்லாருக்கும் சேத்து ஒரேயடியா மீட்டிங்க முடிக்கிற பட்டன அமுக்காதீங்க. மத்தவங்க ஒவ்வொருத்தரா பாட்டிகிட்ட சொல்லிட்டு கிளம்பட்டும். முதல் தடவை நான் அமுக்குனேன், சிரிச்ச முகமெல்லாம் ஒரே நொடில போயி கறுப்பு ஸ்கிரீன். அடுத்த தடவைல இருந்து ஒருத்தர் கடைசி வரைக்கும் இருக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கிறோம், எங்க வீட்டுல அது நான் தான். எல்லாரும் போன அப்புறம் பாட்டியும் நானும் மட்டும், அவங்க அந்த டப்பாவுல இருந்து போன எடுத்து, யார் மெலிஞ்சிருக்கா, யார் முகம் வாடியிருக்குன்னு ஒவ்வொருத்தரப் பத்தியும் சொல்லுவாங்க, அவங்க வைக்கிறேன்னு சொன்ன அப்புறம் தான் நான் வைப்பேன்.