தாத்தா பட்டாளத்துக்குப் போன கதையை எழுதி வைப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவர்களைக் கேட்டால், "எங்க தாத்தா நேதாஜி படையில இருந்தார்" என்று பலர் சொல்வார்கள். எந்த முகாம், எப்போது திரும்பினார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். நேரில் கேட்டு வளர்ந்தவர்களுக்கே இப்போது எண்பது வயதாகிறது, அதனால் வரும் தீபாவளிக்குக் குடும்பம் கூடும்போதே தொடங்கிவிடுங்கள்.

முதலில் எதற்குப் போனார் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் வீடுகளில் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குப் போனதும், நேதாஜியின் ஐஎன்ஏவுக்கு (இந்திய தேசிய ராணுவம்) போனதும் ஒரே கதையாகக் கலந்து கிடக்கின்றன. சுமார் 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது அதே வருடம் ஜூலையில், தோட்டத்து ஆட்கள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். "கையில கொடுத்தது துப்பாக்கியா, மண்வெட்டியா?" என்று கேளுங்கள், பாதி தெளிந்துவிடும். மண்வெட்டி என்றால் அதையும் அதே அக்கறையோடு எழுதுங்கள். பாட்டிகளையும் விட்டுவிடாதீர்கள், கேப்டன் லட்சுமி தலைமையில் இருந்த ஐஎன்ஏவின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் நம் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள்.

போனை முன்னால் வைத்து "சண்டையைப் பற்றிச் சொல்லுங்க" என்றால் ஒன்றும் வராது. எங்கள் அத்தை அப்படிக் கேட்டபோதெல்லாம் "என்னத்த சொல்றது" என்பார். ஒருநாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "அப்பா திரும்பி வந்தப்புறம் மரவள்ளிக்கிழங்கத் தொட்டதே இல்ல" என்றார், அப்புறம் அந்த அப்பா வெறுங்காலோடு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்து நின்றதும், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் போனதும் தானாக வந்தன. குறுக்கே திருத்தாதீர்கள். அவர் சொன்னபடியே எழுதி, உங்கள் சந்தேகத்தை வேறு மையில் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் அப்படியே போனில் எடுங்கள். பித்தளை பேட்ஜ் இருந்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும்.

ஆவணம் தேட வேண்டுமா? பிரிட்டிஷ் இந்தியப் படையில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம், மலேசியாவின் தைப்பிங் போர்க் கல்லறையும் அதில் இருக்கிறது. ஐஎன்ஏ தொடர்பான தாள்கள் டெல்லியில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பேட்டிகளைச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் பதிவு செய்து வைத்திருக்கிறது. கிராணிகள் (தோட்டத்துக் கணக்கர்கள்) காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் என்பதால் நாலைந்து விதமாக எழுத்தை மாற்றிப் போட்டு, தகப்பன் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

எழுதியதைப் பிரதி எடுத்து எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்த மறுவாரமே ஜொகூரிலிருந்து சித்தப்பா அழைத்தார், "தாத்தாவோட பட்டாளத்து பெல்ட்டு என்கிட்டதாம்பா இருக்கு, இத்தன வருஷமா யாரும் கேக்கல" என்றார்.