தோள்பட்டையைப் பார்த்தே விமானப்படை இளநிலை அதிகாரியின் பதவியைச் சொல்வது எப்படி?

முதலில், அந்தப் படை எந்த வழியில் வந்தது என்று பாருங்கள். பிரிட்டனின் ராயல் விமானப்படை 1918 ஏப்ரலில் உருவானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், தரைப்படைப் பெயர்களை விட்டுவிட்டுத் தனக்கென்று பதவிப் பெயர்களை வைத்துக்கொண்டது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா எல்லாம் இந்த வழி. 1947இல் தனிப்படையான அமெரிக்க விமானப்படையோ தரைப்படைப் பெயர்களையே தொடர்ந்தது.

இரண்டாவது, பிரிட்டிஷ் வழியென்றால் பட்டைகளை எண்ணுங்கள். மெல்லிய ஒற்றைப் பட்டை பைலட் ஆபீசர். சற்று அகலமான ஒற்றைப் பட்டை பிளையிங் ஆபீசர். இரண்டு பட்டை பிளைட் லெப்டினன்ட். அந்த இரண்டுக்கும் நடுவே மெல்லிய பட்டை ஒன்று இருந்தால் ஸ்குவாட்ரன் லீடர். அவர் இளநிலையைத் தாண்டிவிட்டார். இந்தியாவில் இப்போது பைலட் ஆபீசர் பதவி இல்லை. ஹைதராபாத் அருகே துண்டிகல் அகாடமியில் பயிற்சி முடிப்பவர்கள் நேராகப் பிளையிங் ஆபீசர் ஆகிறார்கள்.

பெயரை வைத்து 'இவர் விமானம் ஓட்டுபவர்' என்று முடிவு கட்டாதீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவரும் பிளையிங் ஆபீசர்தான். விமானியா என்று அறிய மார்பில் இறக்கைச் சின்னத்தைத் தேடுங்கள்.

இளநிலை என்றால் சின்னப் பொறுப்பு என்றும் எண்ண வேண்டாம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைப் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே நாட் விமானத்தில் எழும்பிப் போரிட்டு உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் செகோன் ஒரு பிளையிங் ஆபீசர். நம் விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. இதை எழுதும்போதுகூட மனம் கனக்கிறது.

மூன்றாவது, அமெரிக்க வழி. ஒரு தங்க நிறக் கட்டை செகண்ட் லெப்டினன்ட், ஒரு வெள்ளிக் கட்டை ஃபர்ஸ்ட் லெப்டினன்ட், இரண்டு வெள்ளிக் கட்டை கேப்டன். தங்கம்தான் உசத்தி என்று நாம் பழகியிருப்போம். இங்கே வெள்ளிதான் மேலே.

சரி, இப்போது இரண்டையும் பொருத்துங்கள். பைலட் ஆபீசருக்குச் செகண்ட் லெப்டினன்ட், பிளையிங் ஆபீசருக்கு ஃபர்ஸ்ட் லெப்டினன்ட். பிளைட் லெப்டினன்டுக்கு ஈடு லெப்டினன்ட் அல்ல, கேப்டன். பலரும் தடுக்கி விழும் இடம் இது.

அப்புறம், 'கேப்டன்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 2025இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்த சுபான்ஷு சுக்லா குரூப் கேப்டன். அது கர்னலுக்கு ஈடு. அமெரிக்க விமானப்படைக் கேப்டனைவிட மூன்று படி மேலே.