தொடர் பின்னம்: மீதியைத் தலைகீழாக்கிப் பார்ப்போம்

தொடர் பின்னம் என்றால், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது: "முழுசாக எத்தனை முறை போகும், மீதி என்ன?" தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே செய்யுங்கள். 67/29-ஐப் பிரிப்போம்.

படி 1: 67-இல் 29 இரண்டு முறை போகும், மீதி 9. ஆகவே 67/29 = 2 + 9/29.

படி 2: 9/29 ஒன்றைவிடச் சிறியது. அதைத் தலைகீழாக்கினால் 29/9. இப்போது 3 முறை, மீதி 2.

படி 3: மறுபடி தலைகீழ், 9/2. 4 முறை, மீதி 1. அப்புறம் 2/1, சரியாக 2 முறை. மீதி இல்லை, முடிந்தது.

67/29 = 2 + 1/(3 + 1/(4 + 1/2)). சுருக்கமாக [2; 3, 4, 2].

இந்த எண்களைக் கண்ணால் பார்க்கலாம். கட்டம் போட்ட தாளில் 67 நீளம், 29 அகலத்தில் ஒரு செவ்வகம் வரைந்து, முடிந்தவரை பெரிய சதுரங்களாக வெட்டிக்கொண்டே போங்கள். 29 அளவில் 2, 9 அளவில் 3, 2 அளவில் 4, 1 அளவில் 2 சதுரங்கள் கிடைக்கும். மீப்பெரு பொது வகுத்தி காண யூக்ளிட் சொன்ன வழியும் இதுவேதான்.

படி 4: இப்போது π. கால்குலேட்டரில் 3.14159265 இட்டு, முழு எண்ணைக் கழித்து, மீதிக்கு 1/x பொத்தானை அழுத்துங்கள். 3, 7, 15, 1 என்று வரும். 3.1416 என்று சுருக்கிவிடாதீர்கள். 15 வரவேண்டிய இடத்தில் 16 வந்துவிடும்.

படி 5: நடுவில் வெட்டுங்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் இது. 7-உடன் நிறுத்தினால் நாம் பள்ளியில் படித்த 22/7. 15-உடன் நிறுத்தினால் 333/106. அடுத்த 1-ஐயும் சேர்த்தால் 355/113 = 3.1415929. மூன்றிலக்கப் பகுதியை (பின்னத்தின் கீழ் எண்ணை) வைத்துக்கொண்டே ஆறு தசம இடங்கள் சரியாக வருகின்றன! காரணம், π-யில் அடுத்து வருவது 292. வெட்டி எறிந்தது கிட்டத்தட்ட 1/292 தான். பெரிய எண் வருவதற்குச் சற்று முன் வெட்டினால் நல்ல தோராயம் கிடைக்கும்.

விகிதமுறு எண் என்றால் இந்த வேலை எங்காவது முடிந்துவிடும். விகிதமுறா எண்ணுக்கு முடிவே இல்லை. √2-ஐ நீங்களே செய்து பாருங்கள்: 1-க்குப் பிறகு 2, 2, 2 என்று போய்க்கொண்டே இருக்கும். பொன் விகிதத்திலோ, அதாவது (1 + √5)/2 என்ற எண்ணிலோ, எல்லாமே 1. அதற்கு முன் வெட்டலாம் என்று சொல்ல ஒரு பெரிய எண்கூட வராததால், பின்னங்களால் நெருங்குவதற்கு அதைவிடக் கடினமான எண் இல்லை.