ஒரு நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது? ஆவணங்களில் தேடிக் கண்டறியும் முறை

கொடுப்பவரின் பெயர் வெளியே தெரியாமல், வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிகளுக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று தீர்ப்பளித்த பின், நிறுவனங்கள் கட்சிகளுக்குக் கொடுத்த பணம் பற்றிய பட்டியல்கள் சில வாரங்கள் செய்திகளில் வலம் வந்து ஓய்ந்துவிட்டன. ஆனால் அந்தத் தகவலைத் தேடும் வழி அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் ஒரு நிறுவனம் சட்டப்படி அளிக்கும் அரசியல் நன்கொடை, நிறுவனத்தின் கணக்கிலும், நன்கொடைகளைத் திரட்டிக் கட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் தேர்தல் அறக்கட்டளை வழியாகப் பணம் சென்றிருந்தால் அந்த அறக்கட்டளையின் அறிக்கையிலும், பெற்றுக்கொண்ட கட்சி தேர்தல் ஆணையத்திடம் அளிக்கும் அறிக்கையிலும் பதிவாகிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதுதான் உண்மையான வேலை. கணக்கியல் படிக்காதவரும் பின்பற்றக்கூடிய வகையில் அதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

தேடத் தொடங்குமுன்: சட்டம் கேட்பது என்ன?

அடிப்படை விதி, 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 182ஆம் பிரிவு. அரசு நிறுவனமும், தொடங்கி மூன்று நிதியாண்டுகள் நிறைவடையாத நிறுவனமும் கட்சிகளுக்கு நன்கொடை தரக்கூடாது. மற்ற நிறுவனங்கள் இயக்குநர் குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றிய பிறகே தரலாம். முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஓராண்டில் தரக்கூடாது. கொடுத்த தொகையையும் பெற்ற கட்சியின் பெயரையும் லாப நட்டக் கணக்கில் வெளியிட வேண்டும்.

2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இந்த உச்சவரம்பையும், கட்சியின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற கட்டாயத்தையும் நீக்கியது. மொத்தத் தொகையைச் சொன்னால் போதும் என்றாக்கியது. 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு பத்திரத் திட்டத்தோடு இந்த இரண்டு திருத்தங்களையும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தள்ளியது. எனவே நீங்கள் எந்த நிதியாண்டின் அறிக்கையைப் புரட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எதிர்பார்க்க வேண்டிய தகவலும் மாறும். இடைப்பட்ட ஆண்டுகளின் அறிக்கையில் கட்சியின் பெயர் இல்லை என்பதற்காக அந்த நிறுவனம் அப்போது சட்டத்தை மீறிவிட்டது என்று எழுதிவிடக்கூடாது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு நல்ல அம்சமும் இருந்தது: நிறுவனங்கள் ரொக்கமாகத் தரக்கூடாது, காசோலை, வரைவோலை, மின்னணுப் பரிமாற்றம் போன்ற வங்கி வழிகளிலேயே தர வேண்டும் என்ற விதி அப்போதுதான் வந்தது.

படி 1: நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரை உறுதி செய்யுங்கள்

மக்கள் பேசுவது குழுமத்தின் பெயர். நன்கொடை தருவதோ அந்தக் குழுமத்துக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட நிறுவனம். ஆகவே கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடி, எழுத்தும் எண்ணுமாக 21 குறிகள் கொண்ட சிஐஎன் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் ‘எல்’ என்ற எழுத்தில் தொடங்கினால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். ‘யு’ என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த படியில் எங்கே தேடுவது என்பதை இந்த ஓரெழுத்தே சொல்லிவிடும்.

படி 2: ஆண்டறிக்கைக்குள் உரிய வரியைக் கண்டுபிடியுங்கள்

பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கை அதன் இணையதளத்திலும், மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை ஆகியவற்றின் தளங்களிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். பட்டியலிடப்படாத நிறுவனமானால், அது அமைச்சகத்திடம் தாக்கல் செய்த ஏஓசி-4 படிவத்தோடு இணைந்த நிதிநிலை அறிக்கையை, ஆவணங்களைப் பார்வையிடுவதற்கான சிறிய கட்டணம் செலுத்தி அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம்.

பல நூறு பக்கங்களை வரிசையாக வாசிக்கத் தேவையில்லை. கோப்பைத் திறந்து, ‘பொலிட்டிக்கல்’, ‘எலெக்டோரல்’, ‘டொனேஷன்’, ‘கான்ட்ரிபியூஷன்’, ‘182’ ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து தேடுங்கள். கோப்பு வெறும் படமாக வருடப்பட்டிருந்தால் இந்தத் தேடல் பலன் தராது. அப்போது ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பின் கீழுள்ள குறிப்புக்கு நேராகச் செல்லுங்கள். லாப நட்டக் கணக்கின் முகப்பில் ஒற்றை எண்ணாகத் தெரியும் அந்தத் தலைப்பு, பின்னால் உள்ள குறிப்பில் வாடகை, மின்சாரம், பழுதுபார்ப்பு, தணிக்கைக் கட்டணம் என்று விரியும். நன்கொடை அங்கே தனி வரியாக இருக்கலாம், அல்லது அந்தக் குறிப்பின் அடியில் நட்சத்திரக் குறியிட்டுச் சிறிய எழுத்தில், ‘இதில் இத்தனை கோடி ரூபாய் அரசியல் கட்சிகளுக்கு அளித்த பங்களிப்பும் அடங்கும்’ என்ற தொனியில் ஒரு வாக்கியமாக ஒதுங்கியிருக்கலாம். பெரும்பாலான வாசகர்கள் தவறவிடுவது இந்த நட்சத்திர வாக்கியத்தைத்தான்.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அறிக்கையில் தனி நிறுவனக் கணக்கு, குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்கு என இரண்டு தொகுதிகள் இருக்கும்; 182ஆம் பிரிவு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே பொருந்துவதால், தனி நிறுவனக் கணக்கையே முதலில் பாருங்கள். ஒருங்கிணைந்த கணக்கில் தொகை கூடுதலாக இருந்தால், துணை நிறுவனம் ஏதோ ஒன்றும் பணம் கொடுத்திருக்கிறது என்று பொருள். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தங்கள் துணை நிறுவனங்களின் கணக்குகளையும் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பதால் அதையும் பின்தொடரலாம். பக்கத்தின் மேல் மூலையில் தொகைகள் லட்சத்திலா, கோடியிலா, மில்லியனிலா என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல் எண்ணை எடுத்தால், விடை பத்து மடங்கோ நூறு மடங்கோ பிசகிவிடும்.

குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சமூக நலப் பணிகளுக்குச் சட்டப்படி செய்ய வேண்டிய சமூகப் பொறுப்புச் (சிஎஸ்ஆர்) செலவையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கட்சிக்குத் தரும் பணத்தைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்ட விதிகள் இடம் தருவதில்லை.

விளம்பரச் செலவு இன்னும் நுட்பமானது. ஒரு கட்சி சார்பில் வெளியாகும் மாநாட்டு மலரிலோ கையேட்டிலோ நிறுவனம் விளம்பரம் கொடுத்தால், அதற்கான செலவையும் அந்தக் கட்சிக்கு அளித்த பங்களிப்பாகவே 182ஆம் பிரிவு கருதுகிறது. மலரின் பக்கங்களில் முழுப்பக்க வாழ்த்து விளம்பரங்களைக் கண்டால், அந்த நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் அது நன்கொடைக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா, வெறும் விளம்பரச் செலவில் கரைந்துவிட்டதா என்று கேட்பது நியாயமான கேள்வி. அதை யாரும் அதிகம் கேட்பதில்லை என்பது என் ஆதங்கம்.

படி 3: உச்சவரம்பைத் தோராயமாகக் கணக்கிடுங்கள்

மூன்று ஆண்டு லாபத்தைத் தனித்தனியே தேடி எடுப்பதற்கு முன் ஒரு குறுக்குவழியை முயலலாம். ஆண்டறிக்கையின் சமூகப் பொறுப்பு இணைப்பில், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபம் ஏற்கெனவே கணக்கிட்டு அச்சிடப்பட்டிருக்கும். அதில் 2 சதவீதம்தான் சமூகப் பொறுப்புக் கடமை. எடுத்துக்காட்டாக, கடமைத் தொகை 4 கோடி ரூபாய் என்றால் சராசரி லாபம் 200 கோடி, அதில் 7.5 சதவீதம் 15 கோடி. அந்த நிறுவனம் நன்கொடையாக 6 கோடி காட்டியிருந்தால் வரம்புக்குள் இருக்கிறது. 18 கோடி காட்டியிருந்தால் மேலும் ஆராய வேண்டும். ‘மேலும் ஆராய வேண்டும்’ என்றுதான் சொல்கிறேன், ‘மீறிவிட்டது’ என்று சொல்லவில்லை. சமூகப் பொறுப்புக் கணக்கில் வெளிநாட்டுக் கிளைகளின் லாபம் போன்ற சில இனங்கள் கழிக்கப்படுவதால் இந்தச் சராசரி ஒரு தோராயம் மட்டுமே. எண்கள் நெருங்கி வந்தால் மூன்று ஆண்டுக் கணக்குகளையும் எடுத்து முறையாகக் கணக்கிட வேண்டும்.

விதியை மீறினால் நிறுவனத்துக்குக் கொடுத்த தொகையைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதமும், பொறுப்பான அதிகாரிகளுக்கு ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு கடுமையான குற்றச்சாட்டைத் தோராயக் கணக்கை வைத்து யார் மீதும் சுமத்த முடியாது.

படி 4: கட்சியின் அறிக்கையில் சரிபாருங்கள்

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவின்படி, ஒரு நிதியாண்டில் ஒருவரிடமிருந்தோ ஒரு நிறுவனத்திடமிருந்தோ 20,000 ரூபாய்க்கு மேல் பெற்ற நன்கொடைகளைக் கட்சி தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். இதற்கான படிவம் 24ஏ. அதில் கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் எண், தொகை, எந்த வழியில் தரப்பட்டது என்ற விவரங்கள் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் அறிக்கைகள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஆண்டுவாரியாகக் கிடைக்கும்.

தேடும்போது பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ‘பிரைவேட் லிமிடெட்’ என்பது ஓரிடத்தில் முழுதாகவும் மற்றோரிடத்தில் சுருக்கமாகவும் எழுதப்பட்டிருக்கும். தட்டச்சுப் பிழைகளுக்கும் குறைவில்லை. பெயரின் முதற்சொல்லால் தேடி, முகவரியை ஒப்பிட்டு, பான் எண் கிடைத்தால் அதைக் கொண்டு முடிவு செய்யுங்கள். நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதால், ஏப்ரல் மாதத்தில் கொடுத்த நன்கொடை கட்சியின் அறிக்கையில் பொதுவெளிக்கு வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகலாம். மார்ச் கடைசி வாரத்தில் அனுப்பிய பணம், கொடுத்தவர் கணக்கில் ஓராண்டிலும் பெற்றவர் கணக்கில் அடுத்த ஆண்டிலும் பதிவாகக்கூடும் என்பதால், பொருந்தாத தொகைக்கு அடுத்த ஆண்டின் அறிக்கையையும் புரட்டுவது நல்லது.

படி 5: அறக்கட்டளை என்ற இடைநிலையைக் கடந்து செல்லுங்கள்

நிறுவனக் கணக்கில் கட்சியின் பெயருக்குப் பதிலாக ஒரு ‘எலெக்டோரல் டிரஸ்ட்’ பெயர் இருந்தால் வேலை சற்றுக் கடினமாகிறது. 2013ஆம் ஆண்டுத் திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த அறக்கட்டளைகள், ஓராண்டில் பெற்ற நன்கொடையில் குறைந்தது 95 சதவீதத்தை அதே நிதியாண்டுக்குள் கட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். புரூடென்ட், புரோகிரசிவ், டிரயம்ப் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். ஒவ்வோர் அறக்கட்டளையும் யாரிடம் எவ்வளவு பெற்றது, எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று தேர்தல் ஆணையத்திடம் அளிக்கும் அறிக்கையும் ஆணையத்தின் தளத்தில் உள்ளது.

சிக்கல் என்னவென்றால், பெற்றவர் பட்டியலும் கொடுத்தவர் பட்டியலும் முழுதாக இருந்தும், இரண்டுக்கும் இடையே கோடு இழுக்க முடியாது. பத்து நிறுவனங்களின் பணம் ஒரே கணக்கில் கலந்து நான்கு கட்சிகளுக்குப் பிரிந்தால், எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குச் சென்றது என்று ஆவணம் சொல்லாது. அறக்கட்டளை வழியே தரும் நிறுவனம் கட்சிகளின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, அறக்கட்டளைக்குத் தந்த தொகையைச் சொன்னால் போதும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2013 டிசம்பரில் சுற்றறிக்கை வழியே தெளிவுபடுத்தியது. தேர்தல் பத்திரங்கள் ஒழிந்தபின் வெளிப்படைத்தன்மை முழுமையாக வந்துவிட்டது என்று கருதுவோர் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

அறக்கட்டளைக்கு ஒரே ஒரு குழுமம் மட்டுமே பணம் கொடுத்திருந்தாலோ, அறக்கட்டளை ஒரே ஒரு கட்சிக்கு மட்டுமே கொடுத்திருந்தாலோ இணைப்பு தெளிவாகிவிடும். மற்ற நேரங்களில், பணம் உள்ளே வந்த நாளும் வெளியே சென்ற நாளும் நெருங்கியிருப்பதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதைச் சான்றாக எழுதக்கூடாது.

படி 6: பத்திரக் காலத்து ஆண்டுகளுக்குத் தனித் தேடல்

2018 முதல் 2024 பிப்ரவரி வரையிலான காலத்தை ஆராய்கிறீர்கள் என்றால், தேர்தல் ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட பாரத ஸ்டேட் வங்கியின் இரண்டு பட்டியல்களும் தேவை: ஒன்று பத்திரம் வாங்கியவர்களுடையது, மற்றது அதைப் பணமாக்கிய கட்சிகளுடையது. மார்ச் 14 அன்று வெளியானவற்றில் பத்திர எண்கள் இல்லை. மார்ச் 21 அன்று வெளியானவற்றில் எண்கள் உண்டு. இரண்டாவதாக வந்த கோப்புகளையே எடுத்து, இரண்டு பட்டியல்களையும் விரிதாளுக்கு மாற்றி, பத்திர எண்ணின் முன்னொட்டு எழுத்துகளையும் சேர்த்துப் பொருத்தினால், வாங்கிய நிறுவனமும் பெற்ற கட்சியும் நேருக்கு நேர் நிற்கும். 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் வாங்கி அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் பியூச்சர் கேமிங் நிறுவனத்தை எடுத்துக்கொண்டு பழகிப் பாருங்கள். வரிசைகள் ஏராளமாக இருப்பதால் முறை சீக்கிரம் கைவந்துவிடும்.

இந்தப் பட்டியல்கள் 2019 ஏப்ரல் 12 முதலான பத்திரங்களையே உள்ளடக்கியவை. ஆகவே பட்டியலில் ஒரு நிறுவனத்தின் பெயர் இல்லை என்பது, அந்தத் தேதிக்கு முன்பும் அது வாங்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

படி 7: பொருந்தாதவற்றைக் கையாளுதல்

இப்போது ஒரு விரிதாளில் நிறுவனம், நிதியாண்டு, நிறுவனக் கணக்கில் உள்ள தொகை, அறக்கட்டளை அறிக்கையில் உள்ள தொகை, கட்சியின் அறிக்கையில் உள்ள தொகை, பக்க எண் என்று பத்திகளை அமையுங்கள். பக்க எண்ணை எழுதிவைக்காவிட்டால், பிறர் கேள்வி கேட்கும்போது நீங்களே மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். தொகைகள் பொருந்தாத வரிசைகளில் ஊகத்தை எழுதாமல், ‘நிறுவனக் கணக்கில் உண்டு, கட்சி அறிக்கையில் காணவில்லை’ என்பதைப் போல ஆவணம் சொல்வதை மட்டும் எழுதுங்கள்.

பிறகு நிறுவனத்தின் செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனமானால் அவருடைய மின்னஞ்சல் முகவரி ஆண்டறிக்கையிலேயே இருக்கும். எந்த ஆண்டறிக்கை, எந்தப் பக்கம், எந்தக் குறிப்பு, எந்தத் தொகை என்று நான்கையும் சொல்லி ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால், பொதுவான மறுமொழியோடு தப்பிக்க இடமிருக்காது. ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கலந்துகொண்டு இதே கேள்வியை எழுப்பலாம். நேரடியாக அன்றிக் காணொளி வழியே நடக்கும் கூட்டங்களில், பேச விரும்புவோர் முன்கூட்டியே பெயர் பதிவு செய்துகொள்ள நிறுவனம் கேட்பது வழக்கம் என்பதால், கூட்ட அறிவிப்பு வந்தவுடன் அதற்கான கடைசித் தேதியைப் பார்த்துவிடுங்கள்.