ஒரு கடைக்கு ஓர் ஆட்டம்: பிள்ளைகளின் மென்பந்து லீக்குக்கு நிதி திரட்டும் வழி

திருகோணமலையில் கடை வைத்திருப்பவரிடம் மாதம் முழுவதும் யாராவது ஒருவர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வந்து நிற்பார். கோயில் திருவிழா, பள்ளிவாசல் திருத்த வேலை, பாடசாலை விழா, அவசர சிகிச்சை என்று காரணம் மாறிக்கொண்டே இருக்கும். கொடுத்த காசு என்ன ஆனது என்பது மட்டும் அவருக்குத் தெரியவராது. அதனால்தான் “அனுசரணை தாருங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் ஒரு சிறு தொகையோடு அனுப்பிவிடுகிறார். உப்புவெளிப் பக்கம் 16 வயதுக்குட்பட்டோர் மென்பந்து கிரிக்கெட் லீக் ஒன்றுக்குப் பொருளாளராக இருக்கும் நான் யாரிடமும் பொத்தாம்பொதுவாகக் காசு கேட்பதில்லை. ஓர் ஆட்டத்தைப் பொறுப்பேற்கக் கேட்கிறேன்.

முதலில் கணக்கைப் போடுங்கள். எட்டு அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதினால் 28 ஆட்டங்கள். இன்னிங்ஸுக்கு ஒரு புதுப் பந்து என்றால் 56 பந்துகள். இரண்டு அரையிறுதிகளையும் இறுதியாட்டத்தையும் சேர்த்தால் 62. சனி பின்னேரம் இரண்டு, ஞாயிறு பின்னேரம் இரண்டு என ஆறு ஓவர் ஆட்டங்களை வைத்தால் ஏழு வாரங்களில் லீக் சுற்று முடிந்துவிடும். ஞாயிறு காலையைத் தொட வேண்டாம். அறநெறி வகுப்பும் தேவாலய ஆராதனையும் அப்போதுதான்.

பிறகு ஓர் ஆட்டத்தின் செலவை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: இரண்டு பந்துகள், நடுவர்களுக்கான கொடுப்பனவு, எல்லைக்கோட்டுச் சுண்ணாம்பு, குடிதண்ணீர், 22 பிள்ளைகளுக்குப் பணிஸும் தேநீரும், மைதானக் கட்டணத்தில் ஒரு பங்கு. விலைகளைக் கடைத்தெருவில் அன்றே விசாரித்து எழுதுங்கள். போன வருடத்து விலை உதவாது. மக்கெய்சர் விளையாட்டரங்கோ ஏகாம்பரம் மைதானமோ வேண்டுமானால் அனுமதியையும் கட்டணத்தையும் எழுத்தில் பெற்ற பின்னரே தாளை முடியுங்கள்.

கடைக்குப் பெரியவர் இருவரும் விளையாடும் பிள்ளை ஒன்றும் போவது நல்லது. காலையில் முதல் வியாபாரத்துக்கு முன்னால் போகாதீர்கள்; வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் விட்டுவிடுங்கள். தாளை நீட்டி, “ஐயா, இந்த 28 ஆட்டங்களில் ஒன்றை உங்கள் கடை நடத்தித் தர வேண்டும்” என்று பிள்ளையே கேட்கட்டும். முழுத் தொகை இயலாதவர் பந்தை மட்டும் எடுக்கலாம், பணிஸை மட்டும் எடுக்கலாம். தச்சரிடம் ஸ்டம்ப், தையற்காரரிடம் அணி அடையாள மேலாடை, அச்சகத்தாரிடம் அட்டவணை என்று அவரவர் தொழிலிலிருந்தே கேளுங்கள். காசாகக் கொடுக்கத் தயங்குபவர் தன் கைவேலையை மனமுவந்து தருவார்.

அந்த ஆட்டத்துக்கு நாணயத்தைச் சுண்டுவது அந்தக் கடைக்காரர்தான். கடையின் பெயர் ஓட்டப் பலகையின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதப்படும். இரும்புக்கடை முதலாளி ஒருவர் பேரனைக் கையில் பிடித்தபடி வந்து பத்து ரூபாய்க் குற்றியைச் சுண்டினார். கடையைத் திறக்கப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கடைசிப் பந்து வரை எல்லைக்கோட்டில் நின்றார். பந்து தென்னந்தோப்புக்குள் போனபோது தேடப் போனவர்களில் அவரும் ஒருவர். அடுத்த பருவத்துக்கு அவரைக் கேட்கவே தேவைப்படவில்லை.

காலம் பார்த்துக் கேட்பதும் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். விடுதிக்காரரிடம் அப்போதுதான் கேட்க வேண்டும். வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் மைதானமும் இருக்காது, மீனவக் குடும்பங்களின் கையில் காசும் இருக்காது. இதனால்தான் பிள்ளைகளிடம் பதிவுக் கட்டணம் வாங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கட்டணம் கட்ட முடியாத பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பயிற்சிக்கு வராமல் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். எந்தப் பிள்ளைக்காக லீக் நடத்துகிறோமோ அந்தப் பிள்ளையையே இழந்துவிடுகிறோம்.

உண்டியலைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பஸ் நிலையத்துக்கு அனுப்பவும் கூடாது. மதுபான, புகையிலை நிறுவனங்களின் பணம் எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் அனுசரணையைத் தடை செய்கிறது. ஒலிபெருக்கி கட்டுவதானால் பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் ஊரவருக்கும் இதேபோல் ஒரு தாள் அனுப்பலாம். அவர்களுக்கு 28 ஆட்டங்களைக் காட்டாதீர்கள். கிண்ணம், பதக்கம், முதலுதவிப் பெட்டி போன்ற முழுப் பருவத்துக்கும் உரியவற்றைக் கொடுங்கள். பணம் லீக்கின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையொப்பமிட்டால்தான் காசு எடுக்கலாம் என்று கணக்குத் திறக்கும்போதே எழுதிக் கொடுங்கள். ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் வந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஊர் பேசும். அந்தப் பேச்சு அவருடைய பிள்ளையின் காதிலும் விழும்.

பற்றுச்சீட்டுக்கு இலக்கமிட்ட புத்தகம், காபன் பிரதியுடன். பொருளாகத் தந்தவருக்கும் பற்றுச்சீட்டு உண்டு: “பணிஸ் 22” என்று எழுதுங்கள். ஒவ்வொரு திங்களும் வரவு செலவைக் கைப்பட எழுதி, மைதான வாசலிலும் வாசிகசாலைப் பலகையிலும் ஒட்டுங்கள்.

இறுதியாட்டம் முடிந்த வாரத்திலேயே, அந்தந்தக் கடையின் ஆட்டத்தில் எடுத்த படத்தையும் முழுக் கணக்கின் பிரதியையும் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றைக்கு வேறெதுவும் கேட்க வேண்டாம். மீதிப் பணம் வங்கியிலேயே கிடக்கட்டும். அடுத்த பருவத்தின் முதல் வாரப் பந்துகளை அதில் வாங்கலாம்.