ஊட்டியில் பழைய கவர்னர் வீடுகளை ஒரே நாளில் பார்ப்பது எப்படி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராஜ்பவனில், அதாவது கவர்னரின் கோடைக்கால மாளிகையில், ஆரம்பிக்காதீர்கள் (2025 கடைசியில் அதற்கு லோக் பவன் என்று பேர் மாறிவிட்டது, நான் பழைய பேரிலேயே சொல்கிறேன்). வெளியூரிலிருந்து வரும் என் சிநேகிதர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். பொட்டானிக்கல் கார்டன் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் ராஜ்பவன் கேட் வரை நடந்து, "உள்ளே விடுவாங்களா?" என்று கேட்டு, விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். கவர்னர் இந்த மலையில் எப்படிக் குடியேறினார் என்பது தெரிய வேண்டுமானால் மேப்பைப் பார்த்துப் போகக்கூடாது, வருஷத்தைப் பார்த்துப் போக வேண்டும். கொஞ்சம் முன்னும் பின்னுமாக அலைய வேண்டியிருக்கும், கால் வலித்தால் ஆட்டோ இருக்கிறது.

சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் இங்கே தடை, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு வாருங்கள். மே மாதமென்றாலும் ஸ்வெட்டர் வேண்டும்.

காலையில் முதலில் ஸ்டோன்ஹவுஸ். இன்று அரசு கலைக் கல்லூரி இருக்கும் இடம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் கட்ட ஆரம்பித்த வீடு, கல் பங்களா என்று பேர். அவர் கலெக்டர்தான், கவர்னர் இல்லை. ஆனாலும் இங்கேதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் வெள்ளைக்காரர்கள் நிரந்தரமாக உட்கார்ந்தது இந்த வீட்டிலிருந்துதான். ஒத்தக்கல் மந்து என்ற தோடர் குடியிருப்பின் பேர்தான் அவர்கள் வாயில் உருண்டு உருண்டு ஊட்டி ஆயிற்று. பின்னாளில் அரசாங்கமே இந்த வீட்டை எடுத்து, விரிவுபடுத்தி, கோடைக்கால செக்ரடேரியட் ஆக்கிக்கொண்டது. கல்லூரி என்பதால் வாசலில் கேட்டுவிட்டு, வகுப்பு நடக்கும் நேரத்தில் தொந்தரவு செய்யாமல் பாருங்கள். (சல்லிவன் மேல் ஆர்வம் அதிகமாகிவிட்டால் இன்னொரு நாள் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கு போங்கள், இதற்கும் முந்தைய அவருடைய பங்களா அங்கே நினைவகமாக இருக்கிறது.)

அடுத்து ஊட்டி கிளப். 1830களின் தொடக்கத்தில் சர் வில்லியம் ரம்போல்ட் கட்டியது. உறுப்பினர் இல்லாதவர்கள் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். 1834-ல் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் இங்கே வந்து தங்கியிருந்தார், அவரைப் பார்க்க மெக்காலே மெட்ராஸிலிருந்து பல்லக்கில் மலை ஏறி வந்தார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தியா முழுவதையும் ஆண்டவர் வந்தாலும் மலையில் அவருக்கென்று ஓர் அரசாங்க வீடு கிடையாது, இன்னொருவர் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். மெட்ராஸ் கவர்னர்களும் பல காலம் அப்படி வாடகை வீடுகளில்தான் கோடையை ஓட்டினார்கள். போகிற வழியில் செயின்ட் ஸ்டீபன் சர்ச்சையும் பார்த்துவிடுங்கள். 1829-ல் அடிக்கல் நாட்டிய கவர்னரின் பேர் ஸ்டீபன் லஷிங்டன். சர்ச்சுக்கு ஸ்டீபன் பேர் எப்படி வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் கார்டன் ரோடு. இப்போது ராஜ்பவன் கேட் முன்னால் நின்றால் அந்த வீட்டின் அர்த்தமே வேறு மாதிரி தெரியும். 1873-ல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்துவிட்டது. மலை ரயில் குன்னூருக்கு 1899-ல்தான் வந்தது, அதுவரை மீதி வழி மாட்டுவண்டியும் மட்டக்குதிரையும்தான். இருந்தாலும் அடிவாரம் வரைக்கும் ரயில் வந்ததே, மூட்டை மூட்டையாக ஃபைலையும் குமாஸ்தாக்களையும் கூட்டிக்கொண்டு பாதி வருஷம் மலையில் இருப்பது சாத்தியமாகிவிட்டது. 1875-ல் கவர்னராக வந்த பக்கிங்ஹாம் டியூக்குக்கு வாடகை வீடு சரிப்படவில்லை. நார்வுட் என்ற இடத்தை வாங்கி, இங்கிலாந்தில் தன் குடும்பத்து மாளிகையான ஸ்டோவ் ஹவுஸ் சாயலில் இதைக் கட்டவைத்தார். ஸ்டோவ் ஹவுஸ் படத்தை போனில் எடுத்து வைத்துக்கொண்டு, ராஜ்பவன் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், முகப்புத் தூண்களில் ஜாடை தெரியும். பெரிய நடனக்கூடம் பிறகு, ஹேவ்லக் கவர்னராக இருந்தபோது சேர்ந்தது.

டியூக் கவர்னராக இருந்த அதே காலத்தில்தான், 1876 முதல் 78 வரை, கீழே தாது வருஷப் பஞ்சம். மெட்ராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். மெட்ராஸில் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மாளிகை, கிண்டியில் இன்னொன்று என்று கவர்னருக்கு ஏற்கெனவே இரண்டு வீடுகள் இருந்தன, இது மூன்றாவது. எனக்கு அந்தக் கேட்டைக் கடக்கும்போதெல்லாம் தூண்களைவிட இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

கார்டனுக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போய் மேலே ஏறுங்கள், பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள். மேட்டில் மஞ்சக்கல் மந்து இருக்கிறது, தோடர்கள் இன்றும் வாழும் இடம். கவர்னர் வீட்டுக்கு அக்கம்பக்கம் யார் என்று அப்போதுதான் புரியும். ஆட்கள் குடியிருக்கும் இடம் என்பதால் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம்.

சாயங்காலம் சேரிங் கிராஸ். எல்லாரும் செல்ஃபி எடுக்கும் ஆதாம் ஃபவுண்டனை பைபிள் ஆதாம் என்றே பல பேர் நினைக்கிறார்கள், ஒரு ஆட்டோ டிரைவர் ஏவாள் ஃபவுண்டன் எங்கே என்று என்னிடமே கேட்டிருக்கிறார்! அது வில்லியம் பேட்ரிக் ஆடம், டியூக்குக்குப் பிறகு வந்த கவர்னர். 1880 டிசம்பரில் பதவியேற்று 1881 மே மாதம் ஊட்டியிலேயே இறந்துபோனார், புது வீட்டில் ஒரு சீசன் முழுதாக இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. கல்லறை ஏரிப் பக்கம் செயின்ட் தாமஸ் சர்ச்சில், உயரமான சிலுவையோடு இருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள்.

இன்னும் தோண்ட ஆசையிருந்தால் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே 1870களின் பொதுப்பணித் துறை கோப்புகளை வருஷத்தைச் சொல்லிக் கேளுங்கள், வெறுமனே "ஊட்டி மாளிகை" என்று கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது. கடிதம் கையில் கிடைத்ததும் விஷயத்தைப் படிப்பதற்கு முன்னால் தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்ப் பேரைப் பாருங்கள். கோடை மாதங்களில் எழுதியது என்றால் அங்கே மெட்ராஸ் இருக்காது, ஊட்டகமண்ட் என்று இருக்கும்.