குளிர்கால விடுமுறைக்குப் புத்தகம் எடுக்கும்போது நாம் விடும் பிழைகள்

டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். பள்ளிக்கூடமும் இரண்டு கிழமை பூட்டு. பிள்ளையின் கையிலிருந்து ஐபாடை எத்தனை தரம்தான் பறிப்பது? அப்போதுதான் நமக்கு லைப்ரரி நினைவுக்கு வரும். முதல் பிழையே அதுதான். 23ஆம் தேதி போய் நின்றால், பிள்ளை ஆசைப்படும் தொடர்கள் எல்லாம் ஏற்கெனவே வேறு யாரோ வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கும். நத்தார், புத்தாண்டு என்று கிளைகளும் பூட்டிவிடும். நகரத்தின் 100 கிளைகளில் எதில் இருந்தாலும், ஒன்லைனில் ஹோல்ட் (முன்பதிவு) போட்டால் புத்தகம் நம் பக்கத்துக் கிளைக்கே வரும். ஆனால் கிராக்கியான புத்தகத்துக்கு வாரக்கணக்கில் வரிசை. நவம்பரிலேயே போட்டு வையுங்கள்.

அடுத்தது, கஞ்சத்தனம். ஊரில் ஓர் அட்டைக்கு இரண்டு புத்தகம் வாங்கிப் பழகிய நாங்கள், "மூன்று எடு, அதை முடிச்சிட்டு வா" என்று பிள்ளையிடம் சொல்கிறோம். இங்கே பதினைந்து எடுத்தாலும் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பிந்திக் கொடுத்தால் தண்டப்பணமும் இப்போது இல்லை. பதினைந்தில் நாலு பிடித்தாலே நல்ல அறுவடை. மற்றதைப் பாதியில் மூடட்டும், நாமும் அப்படித்தானே செய்கிறோம்.

போன வருடம் ஒரு தகப்பன் மகன் கையிலிருந்த படக்கதையை வாங்கித் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, கணக்குப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். பொடியன் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் போய்க் கணினிக்கு முன்னால் இருந்துவிட்டான். கிராஃபிக் நாவல், மங்கா (ஜப்பானியப் படக்கதை) என்றால் வாசிப்பே இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒருநாள் நீங்களே ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் நடந்ததை வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். மங்காவை வலமிருந்து இடமாக வேறு வாசிக்க வேண்டும். எனக்கு இரண்டு பக்கத்திலேயே தலை சுற்றியது.

அட்டையில் இருக்கும் 'லெவல் 2', 'லெவல் 3' எண்ணையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஒரு பதிப்பகத்தின் இரண்டு இன்னொரு பதிப்பகத்தின் மூன்றைவிடக் கடினமாக இருக்கலாம். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் தெரியவில்லை என்றால் கொஞ்சம் பாரம்தான். ஆனால் டைனோசர் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் ஒன்ராறியோ நூலகச் சங்கம் நடத்தும் 'ஃபாரஸ்ட் ஆஃப் ரீடிங்' பட்டியலைப் பாருங்கள். எல்லாம் கனடிய எழுத்தாளர்களின் புத்தகங்கள். சின்னவர்களுக்கு புளூ ஸ்புரூஸ், 3 முதல் 6ஆம் வகுப்புக்கு சில்வர் பர்ச், 7, 8க்கு ரெட் மேப்பிள், உயர்பள்ளிக்கு வைட் பைன். குளிர்காலம் முழுக்க வாசித்துவிட்டு, வசந்தத்தில் பிள்ளைகளே பிடித்த புத்தகத்துக்கு வாக்குப் போடுவார்கள். அதற்குப் பொதுவாக ஒரு பட்டியலில் உள்ள பத்துப் புத்தகங்களில் ஐந்து வாசித்தால் போதும். பத்தையும் முடித்தே ஆக வேண்டும் என்று நின்றால் அது வீட்டுப்பாடமாகிவிடும்.

சரி, தமிழ்ப் புத்தகத்துக்கு வருவோம். நான் அதிகம் சறுக்கியது இங்கேதான். ஸ்காபரோ பக்கக் கிளைகளில் தமிழ்த் தட்டுகள் உண்டு. வயதைப் பார்த்து எடுத்தால் பிள்ளைக்குப் புரியாது. எழுத்துக்கூட்டும் தரத்தைப் பார்த்து எடுத்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் யானையும் எலியும். "இது பேபி புக்" என்று தூக்கிப் போடுவான். நான் இப்போது செய்வது இது: பெரியவன் தங்கைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் புத்தகம் அவனுக்கில்லை, அவளுக்கு என்றால் மானமும் போகாது, எழுத்தும் ஓடும். வயதுக்கேற்ற கதையை நானோ அம்மம்மாவோ வாய்விட்டு வாசிக்கிறோம்.

இன்னொன்று, புத்தகத்தில் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கு. வீட்டில் நாங்கள் கதிரை என்போம், புத்தகம் நாற்காலி என்னும். மகள் அந்த வரியில் நின்று, "நாற்காலி எண்டா நாலு கால் மிருகமோ?" என்று கேட்டாள். சிரித்து முடித்தபிறகுதான் உறைத்தது, அவள் சொல்லைச் சரியாகத்தான் பிரித்திருக்கிறாள். இப்படித் தட்டுப்படும் இடங்களில் பிள்ளைக்குத் தமிழ் வராது என்று முடிவுகட்டாமல், வீட்டுச் சொல்லைப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள்.

பதின்ம வயதினரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் தட்டு பதின்ம வயதினர் எல்லோருக்கும் பொது. பதின்மூன்று வயதுக்கு எது பொருந்தும் என்று நூலகரிடம் ஒருதரம் கேளுங்கள். அப்புறம் தள்ளி நில்லுங்கள். பின்னால் நின்று ஒவ்வொரு அட்டையையும் எட்டிப் பார்த்தால் அடுத்தமுறை உங்களோடு வரமாட்டார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பிந்தினால் காசு இல்லை, பழுதானால் உண்டு. பனி அப்பிய கையுறையைப் பிள்ளை புத்தகப் பைக்குள்ளேயே திணிக்கும். வீட்டுக்கு வருவதற்குள் அது உருகி, அடியில் இருக்கும் புத்தகம் ஊறிவிடும். ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்து விடுங்கள். நனைந்துவிட்டால் ஹீட்டருக்கு மேல் வைக்காதீர்கள், தாள் அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.